முகம் தேடிக்கொண்டே நின்ற கம்ப்யூட்டர்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனக்குக் கோர்வையாக எழுத வராது. தமிழ்ப்பள்ளியில் ஆறாவதோடு நின்றவள் நான். இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. போன வாரம் ஜெலுத்தோங் பசாரில் கீரைக்காசைக் கொடுத்து, பாக்கியையும் வாங்கிக்கொண்டு, கீரையை விட்டுவிட்டு வந்துவிட்டேன். இதில் எங்கேயாவது முன்னுக்குப் பின் இருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நான் வேலை செய்த போட்டோக் கடையில் இப்போது என் நாற்காலியில் இருப்பது பிரேமா. கடைக்குப் புது சாப்ட்வேர் வரப்போகிறதாம். அது தானே படத்தைப் பிரித்து, தானே முகம் பார்த்து, தானே அடுக்கி வைத்துவிடுமாம். "ஆன்ட்டி, அந்தப் பழைய கம்ப்யூட்டர் அவ்வளவு ஸ்லோவா இருந்துச்சாமே, எப்படி லா வேலை செஞ்சீங்க? நம்ம போட்டோக்காரங்க சங்கத்து மலருக்கு எழுதிக் கொடுங்க" என்றாள். நாலு பேருக்கு முன்னால் பேசச் சொன்னால் எனக்கு வாய் ஒட்டிக்கொள்ளும். எழுதுவது என்றால் யாரும் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை. அதனால் சரி என்றேன்.

டத்தோ கிராமாட்டில் இருந்த அந்தக் கடைக்கு நான் பிரிண்ட் கழுவத்தான் போனேன். பிறகு பாஸ்போர்ட் படம் வெட்டினேன். பிறகு பிரிண்டில் விழும் வெள்ளைப் புள்ளிகளை மெல்லிய பிரஷ்ஷால் மறைக்கக் கற்றுக்கொண்டேன். கல்யாணம், பிள்ளைகள், வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தது எல்லாம் அந்த வருடங்களுக்குள்ளேயே நடந்தன. அதையெல்லாம் எழுதினால் மலர் கொள்ளாது. ஒரு நாள் இருட்டறையை உடைத்து அங்கே கம்ப்யூட்டரை வைத்தார்கள்.

எனக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியும், அர்த்தம் தெரியாது. அதனால் எல்லாவற்றையும் இடத்தை வைத்துத்தான் மனதில் வைத்தேன். மேலே இடது பக்கம் இரண்டாவது, அதற்குள் கோட்டுக்குக் கீழே முதலாவது, இப்படி. யாராவது புது வெர்ஷன் போட்டால் அன்றைக்கு நான் வீடு மாறிய பூனை மாதிரி சுற்றிச் சுற்றி வருவேன்.

எங்கள் முதலாளி சிவநேசன் ஐயா, யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவர் பேச்சில் அந்த மணம் கடைசிவரை போகவில்லை. முழுக்கைச் சட்டையின் பொத்தானை மணிக்கட்டு வரை போட்டிருப்பார். யாரையும் பின்னால் நின்று பார்க்கமாட்டார். என் கம்ப்யூட்டர் நின்றுபோனால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்காருவார். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். முதலில் சொல்வது இதுதான்:

"பிள்ளை, கையை எடுத்து மடியில வையுங்கோ."

அது எதற்கென்று எனக்கு வெகுநாள் விளங்கவில்லை. கம்ப்யூட்டர் நின்றால் நான் பதறிப் பதறி மவுஸை அமுக்குவேன். ஒவ்வொரு அமுக்கலையும் அது வரிசையில் போட்டு வைத்துக்கொள்ளும். நின்றது மேலும் நிற்கும். கை மடிக்குப் போன பிறகு ஐயா கேட்பார்: "இப்ப அது என்ன செய்யுது? நாங்கள் கேட்டதைச் செய்யுதோ, கேக்காததைச் செய்யுதோ? நிப்பாட்டினால் என்ன போகும்?" எப்போதும் இதே கேள்விகள்தான். குரல் ஏறாது. வாசலில் கல்யாண வீட்டார் ஆல்பத்துக்குக் கத்திக்கொண்டு நிற்பார்கள், இவர் பிள்ளையார் கோயிலில் நிற்கிறவர் மாதிரி நிற்பார்.

அந்தக் கேள்விகளை வைத்தே பாதி வியாதியைக் கண்டுபிடித்தோம். எல்லாப் படங்களுக்கும் கணக்கு வைத்திருக்கும் கேட்டலாக் என்ற பைல், கம்பி போட்டு மாட்டும் வெளி டிஸ்க்கில் கிடந்தது. ஒவ்வொன்றுக்கும் அது கம்பி வழியாகப் போய் வந்துகொண்டிருந்தது. அதைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே வைத்து, படங்களை மட்டும் வெளியில் விட்டோம். டிஸ்க் நிரம்பி மூச்சு முட்டினால் மெதுவாகும் என்று தெரிந்தது. கொஞ்சம் இடம் காலியாக விட்டோம். பிரிண்டில் செய்த பழக்கத்தில், தூசிப் புள்ளி எடுப்பதை நான் கடைசியில்தான் செய்வேன். கம்ப்யூட்டருக்கு அது ஆகவில்லை. முதலில் புள்ளியை எடுத்து, பிறகு வெளிச்சமும் கலரும் பார்த்து, ரவை தூவினது மாதிரி வரும் பொரிப்பொரியைக் கடைசியில் குறைத்தால் அது இழுக்காமல் வந்தது.

ஆனால் ஒரு வியாதி மட்டும் தீரவில்லை. அதுதான் முகம் தேடுவது.

எங்கள் படப்பிடிப்பாளர் மணியம் அண்ணன். வாட்டசாட்டமான ஆள். தலை நரைத்தும் கல்யாண மேடையில் மாப்பிள்ளையைவிட அவர்தான் அதிகம் சிரிப்பார். வயதில் என்னைவிடப் பெரியவர், இருந்தாலும் என்னை அக்கா என்றே கூப்பிடுவார். கடையில் எல்லாரும் அப்படிக் கூப்பிட்டதால் வந்த பழக்கம். புதிதாக வந்த வெர்ஷனில் முகம் தேடும் வசதி இருக்கிறது என்று கேள்விப்பட்டு, அவரேதான் அதைத் திறந்துவிட்டார்.

அது தேடியது. கல்யாண வீட்டு முகங்களை மட்டும் தேடியிருந்தால் பரவாயில்லை. எங்கள் கடையில் பாதிப் படம் தைப்பூசம். ஒரு காவடியில் எத்தனை முருகன் படம் இருக்கும், நீங்களே யோசித்துப் பாருங்கள். சட்டையில் முருகன், பேனரில் முருகன், ரதத்தில் முருகன். ஒவ்வொன்றையும் வட்டமாக வெட்டி எடுத்து, கீழே ஒரு கேள்விக்குறியைப் போட்டு, இது யார் என்று அது கேட்டது. முகம் இல்லை என்றால் ஓரத்தில் இருக்கும் குறுக்குக் கோட்டை அமுக்கித் தள்ளிவிடலாம்.

"அண்ணே, குறுக்கைப் போட்டுத் தள்ளுங்க. அதான் இழுத்துக்கிட்டே இருக்கு" என்றேன்.

"என்னா அக்கா பேசுறீங்க? சாமி மூஞ்சில நான் குறுக்குப் போடுவேனா? விரதம் வேற இருக்கேன். நீங்க போடுங்க லா."

நான் மவுஸைக் கொண்டுபோனேன். சின்ன வட்டத்துக்குள் முருகன் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கும் விரல் இறங்கவில்லை. ஐயாவைக் கூப்பிட்டோம். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து, வெகுநேரம் பார்த்தார். "எனக்கும் கை வராது பிள்ளை" என்று எழுந்து போய்விட்டார்.

அப்புறம் மணியம் அண்ணன் ஒரு தந்திரம் செய்தார். பெயரைக் கொடுத்துவிட்டால் அடங்கிவிடும் என்று ஒரு வட்டத்தில் 'முருகன்' என்று அடித்தார். அதிலிருந்து அது ஊரில் உள்ள ஆட்களையெல்லாம் காட்டி, இது முருகனா, இது முருகனா என்று கேட்க ஆரம்பித்தது. மாப்பிள்ளைத் தோழனைக் கேட்டது. நாதஸ்வரக்காரரைக் கேட்டது. ஒரு நாள் ஐயா படத்தையே காட்டி முருகனா என்று கேட்டது.

"பாஸ், உங்க பக்கத்துல ரெண்டு பேரைத் தேடுது!" என்றார் மணியம் அண்ணன்.

"சத்தம் போடாதையும். என்ட மனுசிக்குக் கேட்டால் வீட்டில இருக்கேலாது" என்றார் ஐயா. நாங்கள் மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். தேடுவதையே மூடிவிடும் இடம் எங்கே என்று அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் என்றைக்காவது உதவும், கிடக்கட்டும் என்று மணியம் அண்ணன் சொல்வார். அப்படியே விட்டோம்.

அந்த வருடத் தைப்பூசத்துக்கும் வழக்கம்போல, தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் ரோட்டில் ஒரு வீட்டின் முன்பக்கத்தை வாடகைக்குப் பிடித்து மேசை போட்டோம். மணியம் அண்ணன் ரோட்டில் நடந்து படம் எடுப்பார். எடுத்தவர்களுக்குச் சின்னச் சீட்டு ஒன்று கொடுப்பார். அவர்கள் மலையில் ஏறி இறங்கி வருவதற்குள் நான் லேப்டாப்பில் போட்டுப் பிரிண்ட் எடுத்து வைக்க வேண்டும். ஐயா காசு வாங்கும் இடத்தில் இருப்பார்.

வெயில் ஏறிய நேரம். மணியம் அண்ணன் இரண்டு கேமரா கார்டு கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். முதல் கார்டைப் போட்டேன். முழு அளவில் படம் தயாரித்துக்கொண்டே, கடைக் கம்ப்யூட்டர் மாதிரியே லேப்டாப்பும் முகம் தேட ஆரம்பித்தது. திரையில் சக்கரம் சுற்றியது. அப்போதுதான் மஞ்சள் புடவையும் தலையில் பால்குடமுமாக ஒரு பெண் உள்ளே வந்தாள். பெயர் தேவி என்று பின்னால் தெரிந்தது. நாற்பது வயது இருக்கலாம். ஒரு கையால் குடத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் இடுப்பில் செருகியிருந்த எங்கள் சீட்டை எடுத்து நீட்டினாள்.

"அண்ணே, காலையில எங்களை எடுத்தீங்களே. எங்கப்பாவைக் காணோம்."

அப்பாவுக்கு மறதி வியாதி. சொன்னதைச் செய்வார், ஆனால் தன் வீடு எது என்று சொல்லத் தெரியாது. காதும் மந்தம். தேவியின் மகன் காவடி எடுப்பதால் அவள் வீட்டுக்காரர் அவனோடு முன்னால் போய்விட்டார். இவளுடைய போன் அவர் பையில். இவள் செருப்பைக் கழற்றி அப்பா கையில் கொடுத்து, "இதைப் பிடிச்சுக்கிட்டு என் பின்னாலயே வாங்கப்பா" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

"தலையில குடம். திரும்பிப் பார்க்க முடியல. அப்பப்ப கூப்பிட்டுக்கிட்டுதான் வந்தேன். அடிவாரத்துல பார்த்தா இல்லை. போலீஸ் பந்தல்ல மைக்கில சொன்னாங்க. அவருக்குக் கேக்காதுண்ணே. வெயில்ல மாத்திரை போடாம எங்கயாச்சும் விழுந்துட்டா…"

"குடத்தை இறக்கும்மா" என்றார் மணியம் அண்ணன்.

"சாமிக்கு ஊத்தாம எப்படிண்ணே இறக்குறது? மகனுக்காக நேர்ந்தது."

அவள் கேட்டது ஒன்றுதான். எங்கள் படங்கள் ஏதாவது ஒன்றில் அப்பா எந்தப் பக்கம் போகிறார் என்று தெரியுமா?

"இதுக்குத்தான் வச்சிருக்கேன் முகம் தேடுறதை!" என்றார் மணியம் அண்ணன். "காலைப் படத்துல பெரியவர் மூஞ்சி இருக்கு. அதைக் காட்டினா அதே கண்டுபிடிச்சுக் கொடுக்கும். தேடட்டும் அக்கா, தொடாதீங்க."

"ஆமா, தேடட்டும்" என்றாள் தேவியும்.

சக்கரம் சுற்றியது. வட்டம் வட்டமாக முருகன் வந்துகொண்டிருந்தார். தேவி கழுத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் கீழே இறக்கி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். குடத்தின் ஓரத்தில் கட்டியிருந்த மஞ்சள் துணி வேர்வையில் நனைந்திருந்தது. நான் மவுஸை அமுக்கிக்கொண்டே இருந்தேன்.

ஐயா காசுப் பெட்டியை மூடிவிட்டு வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டார். "பிள்ளை, கையை எடுங்கோ."

எடுத்தேன்.

"இப்ப அது என்ன செய்யுது?"

எனக்குத் தெரியும். ஆனால் மணியம் அண்ணன் ஒரு பக்கம், அந்தப் பெண் ஒரு பக்கம், இரண்டு பேரும் தேடட்டும் என்கிறார்கள். நான் வேண்டாம் என்று சொல்லி, பிறகு கிடைக்காமல் போனால்?

"நீங்கள்தானே ஒவ்வொரு நாளும் அதோட இருக்கிறது. சொல்லுங்கோ."

"அது… இன்னும் விடியக்காலைக் காவடியிலேயே நிக்குது ஐயா" என்றேன். "ஒவ்வொரு முருகனா பார்த்துத்தான் வரும். பெரியவர்கிட்ட வர்றதுக்குப் பொழுது சாய்ஞ்சிரும்."

"நிப்பாட்டினால் என்ன போகும்?"

"படம் கார்டுல அப்படியே இருக்கும். தேடினது மட்டும் போகும்."

"அப்ப நிப்பாட்டுங்கோ."

மணியம் அண்ணன் என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. நான் முகம் தேடுவதை மூடினேன். உள்ளே ஏற்றுவதையும் நிறுத்தினேன். கம்ப்யூட்டரை ஒருமுறை மூடித் திறந்தேன். பிறகு தேவி நடந்த நேரத்துப் படங்கள் இருந்த இரண்டாவது கார்டைப் போட்டேன். இந்தமுறை முழு அளவில் தயாரிக்கச் சொல்லவில்லை. கேமரா ஒவ்வொரு படத்தோடும் தானே ஒரு சின்னப் படத்தைச் சேர்த்து வைத்திருக்கும். அதை மட்டும் காட்டு என்று கேட்கும் இடம் கீழிருந்து முதலாவது. பிரிண்டுக்கு அது சரிவராது என்று நாங்கள் தொடுவதே இல்லை. கண்ணால் பார்க்க அது போதும். படங்கள் பொரி கொட்டினது மாதிரி விழுந்தன. எடுத்த நேரப்படி வரிசையாக்கினேன்.

தேவியால் குனிய முடியாது. ஐயா ஆல்பம் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். அப்போதும் எட்டவில்லை. கடைசியில் லேப்டாப்பை அவரே இரண்டு கையாலும் தூக்கி, அவள் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகத் தள்ளினேன்.

முதலில் அவள் தேடியது அப்பா முகத்தை. நானும் முகத்தைத்தான் பார்த்தேன். ஒன்றும் இல்லை. தள்ளித் தள்ளி வந்தபோது அவள், "நில்லுங்கக்கா, அது என் செருப்பு" என்றாள்.

படத்தின் ஓரத்தில் ஒரு கிழவரின் முதுகு. நெஞ்சோடு அணைத்திருந்த செருப்பின் நுனி மட்டும் கையிடுக்கில் தெரிந்தது. தலை குனிந்திருந்தது. தனக்கு முன்னால் நடக்கிறவளின் குதிகாலைப் பார்த்துக்கொண்டே நடந்திருக்கிறார். அந்தப் படத்தில் முன்னால் போவது தேவிதான். அடுத்ததில் கூட்டம் நெருக்குகிறது, ஒரு காவடி குறுக்கே வருகிறது. அதற்கு அடுத்ததில் அவர் அதே மாதிரி குனிந்த தலையோடு, செருப்பை அணைத்துக்கொண்டு, மஞ்சள் புடவைக்காரி ஒருத்தியின் பின்னால் போகிறார். அவள் தலையிலும் பால்குடம். வெறுங்கால்.

"அது நான் இல்ல" என்றாள் தேவி.

அவர் வழிதவறிப் போகவில்லை. மகள் சொன்னபடி அவள் பின்னாலேயே போய்க்கொண்டிருந்திருக்கிறார். முன்னால் போனவள்தான் மாறிவிட்டாள். நடந்துபோகும் படம் ஒன்றிலும் அவர் முகம் இல்லை. கம்ப்யூட்டர் பொழுது சாயும்வரை தேடியிருந்தாலும் அவரிடம் வந்திருக்காது.

மணியம் அண்ணன் எட்டிப் பார்த்தார். "பாஸ், அந்தக் குடத்துல சிவப்புத் துணி பாருங்க. அந்தக் குழுவை எனக்குத் தெரியும். பூங்கா வாசல் பக்கம் பந்தல் போட்டிருக்காங்க" என்று சொல்லிக்கொண்டே தண்ணீர் பாட்டிலை எறிந்துவிட்டு ஓடினார். தேவி குடத்தோடு அவர் பின்னால் போனாள்.

பிறகு நடந்தது மணியம் அண்ணன் சொன்னது. பெரியவர் அந்தப் பெண்ணின் பின்னாலேயே மலை ஏறி, பின்னாலேயே இறங்கி, பந்தல் வரை போயிருக்கிறார். அவள் உட்கார்ந்ததும், செருப்பை அவள் காலடியில் வைத்து, "போட்டுக்கம்மா, தார் சுடுது" என்றாராம். அவள் யாரோ எவரோ. மலாக்காவிலிருந்து வந்தவளாம். முதலில் பயந்துபோயிருக்கிறாள். பிறகு என்னமோ விளங்கியிருக்கிறது. அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு, அவருக்குச் சோறும் மோரும் வாங்கிக் கொடுத்து, பக்கத்தை விட்டு நகராமல் இருந்திருக்கிறாள். போலீஸ் பந்தலுக்கு ஆள் அனுப்பியும் இருக்கிறாள். அந்த ஆளும் கூட்டத்தில் மாட்டிக்கொண்டான் போல.

தேவி போய் நின்றதும் பெரியவர் இவளைப் பார்த்தாராம், அவளைப் பார்த்தாராம். அந்தப் பெண் சட்டென்று செருப்பைக் கழற்றி அவர் கையில் கொடுத்து, "இதோ, வந்துட்டாங்க" என்றாளாம். தேவி அழவில்லையாம். தலையில் பால் இருக்கிறதே. "அப்பா, இன்னும் மேல ஏறணும். இந்தத் தடவை நீங்க முன்னால போங்க" என்றாளாம்.

அன்று மணியம் அண்ணன் திரும்பும்போது, கடையில் பையில் கட்டித் தரும் தப்பாவ் தேத்தண்ணி ஒன்று வாங்கிவந்து என் மேசையில் வைத்தார். முகம் தேடுவதை அதற்குப் பிறகு யாரும் திறக்கவில்லை. அது வட்டமாக வெட்டி வைத்த முருகன்களை மட்டும் அப்படியே விட்டுவிட்டோம். அவர்கள் இன்னும் அந்த கேட்டலாக்கில்தான் இருப்பார்கள்.

சில வாரம் கழித்துத் தேவி கடைக்கு வந்தாள். காலையில் எடுத்த குடும்பப் படத்தை நான் நன்றாகச் செய்து வைத்திருந்தேன். பெரியவர் முகம் தெளிவாக, சிரித்துக்கொண்டு. அதை வாங்கிக்கொண்டாள். பிறகு, "அந்த மூணாவது படம் இருக்கா அக்கா? அதைப் பெருசா போட்டுக் கொடுங்க" என்றாள்.

"அதுல நீ இல்லையேம்மா. வேற ஆள் பின்னாலல்ல போறாரு?"

"அது உங்களுக்குத்தான் அக்கா" என்றாள். "அவருக்கு, என் பின்னாலதான்."

சின்னப் படத்தைப் பெரிதாக்கினால் உடைந்துவிடும் என்பதால், முழுப் படத்தைத் திறந்து, முதலில் தூசிப் புள்ளிகளை எடுத்து, பிறகு வெளிச்சம் பார்த்து, பொறுமையாகச் செய்து கொடுத்தேன். அன்றைக்குக் கம்ப்யூட்டர் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

இவ்வளவுதான் என் ஞாபகத்தில் இருப்பது. ஐயா இப்போது இல்லை. மணியம் அண்ணன் தன் மகள் வீட்டில் இருக்கிறார். அவரைக் கேட்டால் அந்தக் குடத்துத் துணி சிவப்பா, ரோஸா என்று சொல்லுவார். பிரேமா, நீயும் ஒருமுறை சரிபார்த்துவிடு. அந்தச் செருப்பு நீலம் என்றுதான் நினைக்கிறேன், பச்சையாகவும் இருக்கலாம். பழைய கேட்டலாக்கைப் புதியதற்கு மாற்றும் முன்பே பார்த்துவிடு. முகத்தை வைத்துத் தேடினால் அந்தப் படம் வராது. அதற்கு நான் இங்கிலீஷ் எழுத்தில் 'அப்பா' என்று ஒரு வார்த்தை போட்டு வைத்திருக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள், படத்தை மட்டும் அழித்துவிடாதே.